சிவக்காத தட்டு

12.11.2024, செவ்வாய்

இன்றைய தவறு: கண்ட்ரோல் தட்டுக்கு நோகோ பூச மறந்துவிட்டேன். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதுதான் நினைவு வந்தது. அதற்குள் தட்டில் செல்களை விட்டாகிவிட்டது. சின்னத் தவறுதான். ஆனாலும் தவறு.

நாளைய வேலை: பாகீரதி மேடத்திடம் சொல்ல வேண்டும்.

*

பிரேமா சொல்லவில்லை.

புதன்கிழமை சொல்லப் போனாள். வாய் வரவில்லை.

வியாழக்கிழமை சொல்லலாம் என்றிருந்தாள். வேலை விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில்... சொல்வதற்கு மேடமே இல்லை!

திருவனந்தபுரம் பேரூர்க்கடையில் அந்த நரம்பியல் ஆய்வு மையத்தின் மாடிக்கு அன்று முதலில் ஏறியவள் பிரேமாதான். விடியும் முன்பே ஐப்பசியின் துலா மழை ஆரம்பித்திருந்தது. குடையை மடக்கிக்கொண்டே செருப்பு அலமாரியைப் பார்த்தாள்.

அந்த ஆய்வகத்தில் அது ஒரு பழக்கம். வெளிச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்செருப்பு போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். தூசி செல்களுக்கு ஆகாது. அதனால் யார் வந்திருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. அலமாரியைப் பார்த்தால் போதும்.

மேல் தட்டில் பாகீரதி மேடத்தின் பழுப்பு நிறச் செருப்பு இருந்தது.

இவ்வளவு காலையிலேயேவா?

பிரேமா செருப்பைத் தொட்டுப் பார்த்தாள். வெளியே அப்படிக் கொட்டுகிறது. செருப்போ காய்ந்து கிடந்தது.

காலையில் வந்த செருப்பு இல்லை அது. நேற்றிலிருந்து போகாத செருப்பு!

நடை பாதையில் ஓடினாள். மேடத்தின் அறை காலி. செல் வளர்க்கும் அறை காலி. கடைசியில், ஜன்னலே இல்லாத நைட்ரஜன் அறை. கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

தரையில் வெள்ளைக் கோட்டு தெரிந்தது.

பிரேமாவின் அலறல் கீழே கேட் வரைக்கும் கேட்டதாக வாட்ச்மேன் பிறகு சொன்னான்.

*

இன்ஸ்பெக்டர் லிங்கம் ஆரியசாலையில் பிறந்து வளர்ந்தவர். அப்பா நாகர்கோவிலிலிருந்து வந்து பருப்பு மொத்தக் கடை வைத்தவர். போலீஸ் உடுப்பிலும் லிங்கத்தின் பேச்சில் அந்தத் தெருவின் வாசனை போகவில்லை.

நைட்ரஜன் அறையைச் சுற்றிப் பார்த்தார். உயரமான எஃகுத் தொட்டி. அதன் வால்வு முழுக்கத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லாமல் தீர்ந்துபோயிருந்தது. திரவ நைட்ரஜனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் ஆவியாகிப் பரவினால் காற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது. நிற்பார்... விழுவார்... அவ்வளவுதான்!

சுவரில் ஆக்சிஜன் குறைந்தால் கூவும் அலாரம் ஒன்று இருந்தது. அதன் சுவிட்ச் அணைந்திருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிவாக்கில் உயிர் போயிருக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

"கடைசியா இந்த ரூமுக்குள்ள வேலை பாத்தது யாராக்கும்?"

"நான்தான் சார்." பிரேமாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "நேத்து சாயந்தரம் தொட்டியிலிருந்து சின்ன கேனுக்கு ஊத்தினேன். அப்புறம் கிளாசுக்குப் போயிட்டேன்."

"வால்வை மூடினியா பிள்ளே?"

"மூடினேன்."

லிங்கம் வால்வையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூடியிருப்பேன் சார்..." என்றாள் பிரேமா.

அதுதான் அவள். பொன்முடி எஸ்டேட் லயத்தில் பிறந்தவள். அம்மா மாடம்மாள் இன்னும் கொழுந்து பறிக்கிறாள். டிப்ளமா முடித்து இந்த வேலை கிடைத்தபோது வித்துரா வரைக்கும் பஸ்ஸில் கூட வந்து வழியனுப்பிய அம்மா, வழி முழுக்க ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னாள். "கவனமா இரு." அந்த வாக்கியம் பிரேமாவின் தலைக்குள் குடியேறிவிட்டது. அறையைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். இழுத்துப் பார்த்தோமா என்று மறுபடி வருவாள். வேலை முடிந்து படிக்கப் போகும் மாலை வகுப்பில் ஸ்ரீலட்சுமி டீச்சர் இதைக் கவனித்துவிட்டு, தினமும் டைரியில் அன்றைய தவறையும் மறுநாள் வேலையையும் எழுதிவைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கச் சொல்லியிருந்தார்.

எழுதினாள். தூக்கம்தான் வரவில்லை.

நேற்று அந்த வால்வின் குளிர்ந்த சக்கரத்தை வலப்பக்கம் திருப்பினேனா? கை திருப்பியது மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அது நேற்றா, முந்தாநாளா?

"பிரேமா நல்ல பொண்ணு, இன்ஸ்பெக்டர்." பின்னாலிருந்து மிருதுவாக ஒரு குரல்.

டாக்டர் கிருஷ்ணகுமார். பாகீரதி மேடத்தோடு இந்த ஆராய்ச்சியைச் சேர்ந்து நடத்துகிறவர். கசங்காத சட்டை, கலங்கிய கண்கள்.

"பட்... மறதி கொஞ்சம் ஜாஸ்தி. அந்த அலாரம் சத்தம் பிடிக்கலைன்னு அணைச்சு வைப்பா. பல தடவை சொல்லியாச்சு. வேணும்னு பண்ணியிருக்க மாட்டா. பாவம், கேஸ் கீஸ்னு பெரிசா வேண்டாமே."

பிரேமா வாயைத் திறந்தாள். நான் அணைப்பதில்லை என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு தடவை, போன வருஷம், அணைத்தாள்தான். அந்த ஒரு தடவை நினைவுக்கு வந்து வாயை அடைத்தது.

"நேத்து சார் எங்க இருந்தீங்க?" என்றார் லிங்கம்.

"மைக்ராஸ்கோப் ரூம்ல. பிரேமா கிளம்பறதுக்கு முன்னாடி உள்ளே போனேன். ஏழு மணி வரைக்கும் கண்ட்ரோல் தட்டைப் படம் எடுத்துட்டிருந்தேன். இருட்டு ரூம், கதவு சாத்தியிருக்கும். வெளியே என்ன நடந்தாலும் தெரியாது. பாகீரதி அப்பவே வீட்டுக்குப் போயிட்டாங்கன்னு நினைச்சேன்."

"போகும்போ செருப்பு அலமாரியைப் பாக்கல்லியோ? அம்மாவுக்க செருப்பு அங்கதான கெடந்துது?"

கிருஷ்ணகுமார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"தலைவலி, இன்ஸ்பெக்டர். எதையும் பார்க்கலை."

"ஆட்டே, சரி," என்றார் லிங்கம். பக்கத்தில் நின்ற எஸ்.ஐ. ஸ்மிதாவின் பேனா மட்டும் நகர்ந்தது.

*

மத்தியானம் கிருஷ்ணகுமாரே எல்லோரையும் கூட்ட அறைக்கு அழைத்துப் பெரிய திரையில் நேற்று எடுத்த படங்களைப் போட்டுக் காட்டினார். ஒவ்வொன்றின் மூலையிலும் வியாழக்கிழமையின் தேதியும் நேரமும் வரிசையாக இருந்தன. இடைவெளியே இல்லை. நடுவில் எழுந்து போய் ஒருவரைக் கொல்ல நேரமே இல்லை!

லிங்கத்துக்குப் படம் புரியவில்லை. கிருஷ்ணகுமார் பொறுமையாக விளக்கினார்.

மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை. அந்த உறையில் நோகோ என்று ஒரு புரதம். அதற்கு ஒரே ஒரு வேலை. நீண்டு வரும் நரம்பைப் பார்த்து ‘இதற்கு மேல் வராதே’ என்று சொல்வது. ஆரோக்கியமான மூளைக்கு அது தேவைதான். இல்லாவிட்டால் நரம்புகள் கண்டபடி வளர்ந்து பின்னிக்கொள்ளும். ஆனால் கைகால் நரம்புகள் ஒவ்வொன்றாகக் கருகிப்போகும் நோய் வந்தவருக்கு, பிழைத்திருக்கும் நரம்பு திரும்ப வளரப் பார்த்தாலும் நோகோ விடுவதில்லை.

அதைப் பாகீரதி மேடம் வேறு மாதிரி சொல்வார். பிரேமாவின் காதில் அந்தக் குரல் அப்படியே கேட்டது.

‘ஆத்துல தீ பத்தி எரியறச்சேயும் கேட்டைப் பூட்டிண்டு, யாரும் வரப்படாதுன்னு நிக்கற வாட்ச்மேன்டீ அவன்.’

அந்த வாட்ச்மேனின் வாயைக் கட்டத்தான் கிருஷ்ணகுமார் ஒரு மருந்து கண்டுபிடித்திருந்தார். சோதனை சுலபம். இரண்டு தட்டுகளிலும் நோகோ பூசி நரம்பு செல்களை விட வேண்டும். ஒரு தட்டுக்கு மட்டும் மருந்து. மருந்து விட்ட தட்டில் செல் வளர்ந்து, மருந்து விடாத கண்ட்ரோல் தட்டில் குறுகிக் கிடந்தால்... மருந்து வேலை செய்கிறது! நோகோ பூசியிருப்பது தெரிய அதோடு ஒரு சிவப்புச் சாயத்தை ஒட்டியிருப்பார்கள். மைக்ராஸ்கோப்பில் பச்சை விளக்கைப் போட்டால் பூசிய இடமெல்லாம் கனல் மாதிரி சிவக்கும்.

திரையில் அப்படித்தான் சிவந்து கிடந்தது. அந்தச் சிவப்பின் மேல் செல்கள் கையையும் காலையும் மடக்கிக்கொண்டு, பயந்த குழந்தைகள் போல ஒடுங்கியிருந்தன.

பிரேமா அந்தச் சிவப்பைப் பார்த்தாள்.

முதலில் அவளுக்கு வந்தது நிம்மதி.

அப்படியானால் நான் பூசியிருக்கிறேன்! மறக்கவில்லை. மறந்ததாக நினைத்ததுதான் தவறு. வால்வும் அப்படித்தான் இருக்கும். மூடிவிட்டு, மூடவில்லை என்று பயப்படுகிறேன்...

நிம்மதி ஃப்ரீஸர் வரைக்கும்தான் நிலைத்தது.

ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சின்னக் குப்பி நோகோ. மூடியில் ஒட்டுநாடா. பிரித்தால் திரும்ப ஒட்டாது. கண்ட்ரோல் தட்டின் எண் எழுதிய குப்பி உறைந்துபோய், நாடா பிரியாமல், வைத்த இடத்திலேயே இருந்தது.

அவள் பூசவில்லை!

அப்படியானால் எது சிவந்தது?

*

யாரும் இல்லாத செல் அறையில் பிரேமா நின்றுகொண்டிருந்தாள். போலீஸ் நைட்ரஜன் அறையை மட்டும்தான் பூட்டி முத்திரை வைத்திருந்தது. மழை விட்டிருந்தது. செல் பெட்டியின் மெல்லிய ரீங்காரம் தவிர வேறு சத்தமில்லை.

"மணி அஞ்சாச்சு..."

பிரேமா சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"தட்டைப் பாருங்கோ. பாத்துட்டுக் கதவை உடனே சாத்துங்கோ. அதுகளுக்குக் குளிரும்."

பாகீரதி மேடத்தின் குரல்!

செல் பெட்டியின் மேல் சார்ஜரில் கிடந்த பழைய போன் ஒளிர்ந்தது. மேடம் தன் குரலையே பதிவு செய்து வைத்த தினசரி அலாரம். எத்தனை மாதமாகக் கேட்டுப் பழகியது! உயிரோடு இருந்தபோது அந்தக் குரலை யாரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

இன்று அதை அணைக்கப் போன பிரேமாவின் கை பாதியில் நின்றது.

தட்டைப் பாருங்கோ.

செல் பெட்டியைத் திறந்தாள். கண்ட்ரோல் தட்டை எடுத்தாள். மூடியில் எண், மேடத்தின் சாய்ந்த கையெழுத்தில். பெட்டிக் கதவை உடனே சாத்தினாள். மேஜை மேலிருந்த சின்ன மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தாள்.

காடு!

நரம்பு இழைகள் நீண்டு, கிளைத்து, ஒன்றையொன்று தாண்டி, தட்டு முழுக்கப் பின்னிக் கிடந்தன. எங்கேயும் எதுவும் அவற்றைத் தடுத்திருக்கவில்லை.

இது வேறு தட்டு. இல்லை... இதுதான் தட்டு. திரையில் இருந்ததுதான் வேறு!

புதன்கிழமை ஞாபகம் வந்தது. தவறைச் சொல்லப் போனபோது மேடம் கம்ப்யூட்டரையே வெறித்துக்கொண்டிருந்தார். கிருஷ்ணகுமாரின் மருந்துச் சோதனைப் படங்கள். திரும்பாமலே கேட்டார்: "பிரேமா, இந்தப் படத்தை நான் முன்னாடியே எங்கேயோ பாத்திருக்கேன்னு தோணறது. வேற தேதி போட்டு... உனக்கு ஞாபகம் இருக்கா?"

இல்லை மேடம் என்று சொல்லிவிட்டு, வந்த விஷயத்தையும் சொல்லாமல் திரும்பிவிட்டாள்.

"என்ன பார்த்துட்டிருக்கே?"

பிரேமா துள்ளி நிமிர்ந்தாள். வாசலில் கிருஷ்ணகுமார். எத்தனை நேரமாக நிற்கிறார்?

"ஒண்ணுமில்ல சார். அலாரம் அடிச்சுது. பழக்கத்துல..."

அவர் போனைப் பார்த்தார். முகம் ஒரு கணம் சுருங்கி விரிந்தது.

"அதை முதல்ல தூக்கிப் போடு. கேட்கவே என்னமோ மாதிரி இருக்கு." அருகில் வந்தார். "பயப்படாதே பிரேமா. வால்வை மூட மறந்துட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடு. விபத்துன்னு முடிஞ்சிடும். எர்ணாகுளத்துல என் ஃப்ரெண்டோட லேப்ல உனக்கு வேலை வாங்கித் தரேன். இல்லேன்னா... போலீஸ் விடாது. உனக்கே தெரியும், நீ மறக்கறவ."

அவள் தலையாட்டினாள். வேறென்ன செய்ய?

"அப்புறம், பாகீரதியோட தட்டு எல்லாத்தையும் நாளைக்கு சாயந்தரம் அவிச்சுக் கொட்டிடு. யாரும் பார்த்துக்காம அழுகிப்போகும்."

அவர் காலடிச் சத்தம் நடை பாதையில் தேய்ந்தது.

பிரேமா தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். நாளை சாயங்காலம் இது இருக்காது. இப்போதே சொல்ல வேண்டும். ஆனால் என்னவென்று சொல்வது? நான் நோகோ பூச மறந்தேன் என்றுதானே? அதை மறந்தவள் வால்வையும் மறந்திருப்பாள் என்று இந்த ஊரே சொல்லாதா? சொன்னால், தன் கழுத்துக்குத் தானே கயிறு. சொல்லாவிட்டால், மேடம் போன விதம் யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் நோயாளிகளுக்கு அந்த மருந்தை ஊசி போட ஆரம்பித்துவிடுவார்கள்! கொல்லத்திலிருந்து சக்கர நாற்காலியில் வரும் அந்தப் பள்ளிக்கூடத்து சார், எப்போது எப்போது என்று ஒவ்வொரு முறையும் கேட்பவர், அவர்தான் முதல் ஆள்.

தட்டைச் செல் பெட்டியில் வைத்தாள். கதவைச் சாத்தினாள்.

இழுத்துப் பார்த்தாள். மூடியிருந்தது.

*

கேட்டுக்கு எதிரே சாயாக் கடை. இன்ஸ்பெக்டர் லிங்கம் வாழைப்பழத்தில் சுட்ட பழம்பொரியைக் காகிதத்தில் அழுத்தி எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தார்.

பிரேமா எல்லாவற்றையும் சொன்னாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து. தன்னைக் காப்பாற்றும்படி எதையும் மாற்றிச் சொல்லவில்லை. வால்வைப் பற்றி இன்னும் நிச்சயமில்லை என்பதையும் சேர்த்தே சொன்னாள். அலாரத்தை ஒரே ஒரு தடவை அணைத்ததையும்.

லிங்கம் காகிதத்தைத் தள்ளி வைத்தார். பழம்பொரி ஆறிக்கொண்டிருந்தது.

"நீ சொல்லுகது உள்ளதானா, அந்தத் தட்டு செவக்காது."

"செவக்காது சார்."

"அந்த சாருக்கு நீ பூச மறந்தது தெரியுமா?"

"தெரியாது. யாருக்கும் தெரியாது. மேடத்துக்கிட்டகூட சொல்லல." அவள் கண் கலங்கியது. "சொல்லியிருந்தா, அந்தத் தட்டை அப்பவே தூக்கிப் போட்டிருப்பாங்க சார்."

"அப்போ சொல்லாததும் நல்லதுக்காக்கும்." லிங்கம் எழுந்தார். "ஆனா பிள்ளே, ஒண்ணு கேட்டுக்கோ. நாளைக்கு அவரு முன்னால நீ இதைச் சொல்லணும். வால்வு காரியம் எந்தப் பக்கம் திரும்பும்னு எனக்கும் தெரியாது. சம்மதமா?"

பிரேமா சாயாக் கடையின் ஈரத் தரையைப் பார்த்தாள்.

"சம்மதம் சார்."

*

சனிக்கிழமை. ஐந்து மணிக்குச் சற்று முன்.

மைக்ராஸ்கோப் ஓர் இருட்டறையில் இருந்தது. அதை அடுத்துச் செல் அறை, நடுவில் திறந்த கதவு. லிங்கம் அசட்டுச் சிரிப்போடு நின்றார்.

"சாரே, ஒரு சின்ன உபகாரம். ஃபைலை முடிக்கப் போறேன். விபத்துதான். கோர்ட்டுக்கு மட்டும் நீங்க எடுத்த அதே தட்டுல எங்க கண்ணு முன்னால ஒரு படம் வேணும். ஒண்ணு போதும்."

கிருஷ்ணகுமாரின் தோள்கள் தளர்ந்தன. "அவ்வளவுதானே? தாராளமா."

ஸ்மிதா செல் பெட்டியிலிருந்து தட்டை எடுத்து வந்தாள். கிருஷ்ணகுமார் மூடியில் எண்ணைச் சரிபார்த்தார். அவரே சத்தமாகப் படித்தார். இதுதான், சந்தேகமே இல்லை என்றார். ஸ்மிதா எழுதிக்கொண்டாள்.

தட்டு மைக்ராஸ்கோப்பில் ஏறியது. அறை விளக்கு அணைந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

திரை... கறுப்பு.

கிருஷ்ணகுமார் குமிழைத் திருகினார். கறுப்பு. வெளிச்சத்தைக் கூட்டினார். கறுப்பு. தட்டை நகர்த்தினார். ஒரு புள்ளிகூடச் சிவக்கவில்லை!

"எந்தா சார், செவப்பு காணல்லல்லோ?" என்றாள் ஸ்மிதா.

"சாயம் மங்கியிருக்கும். ரெண்டு நாளாச்சே..."

"சாதா விளக்கு போடுங்க," என்றார் லிங்கம். இப்போது அவர் சிரிக்கவில்லை.

போட்டார்.

திரை முழுக்கக் காடு. இழை மேல் இழை. ஒடுங்கிய செல் ஒன்றுகூட இல்லை.

அடுத்த அறையிலிருந்து அந்தக் குரல் வந்தது. நிதானமாக. பிரியமாக.

"மணி அஞ்சாச்சு... தட்டைப் பாருங்கோ."

கிருஷ்ணகுமாரின் கை குமிழிலிருந்து நழுவியது. இருட்டில் அவர் மூச்சு எல்லோருக்கும் கேட்டது.

"பாத்துட்டுக் கதவை உடனே சாத்துங்கோ. அதுகளுக்குக் குளிரும்."

பிரேமா விளக்கைப் போட்டாள். நாடா பிரியாத குப்பியை மேஜை மேல் வைத்தாள். அவரை நேராகப் பார்த்தாள்.

"சாயம் மங்கல சார். நான் பூசவே இல்ல. செவ்வாய்க்கிழமை மறந்துட்டேன். இந்தத் தட்டு எந்த நாளும் சிவந்ததில்ல."

கிருஷ்ணகுமார் அவளைப் பார்த்தார். குப்பியைப் பார்த்தார். முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம்.

"பார்த்தீங்களா இன்ஸ்பெக்டர்? நான் சொன்னேனே! இவ இப்படித்தான். எதையும் ஒழுங்கா செய்ய மாட்டா. இதை மறந்தவ வால்வை மூடியிருப்பாளா?"

"சொன்னீங்க," என்றார் லிங்கம். "இந்தப் பிள்ளை மறக்கும் மறக்கும்னு எங்க எல்லாருக்கும் சொன்னீங்க. ஆனா உங்களுக்கு மட்டும் அது ஓர்மை வரல்லியே சாரே. பூச மறந்தது செவ்வாய்க்கிழமை. நீங்க படம் எடுத்ததா சொல்லுகது வியாழக்கிழமை. பூசாத தட்டு உங்க படத்துல மட்டும் எப்படி செவந்துது?"

கிருஷ்ணகுமாரின் பார்வை குப்பியிலேயே நின்றது.

"பழைய படம். கம்ப்யூட்டருல தேதியைத் திருப்பி வச்சு, புதுசு மாதிரி எடுத்து வச்சீங்க. மருந்துச் சோதனைக்கும் அதே வேலைதான் பாத்தீங்க, அல்லே? அதைத்தான் அந்த அம்மா கண்டுபிடிச்சாங்க." லிங்கம் குனிந்து அவர் காதருகே சொன்னார். "இந்தத் திருவனந்தபுரத்துல, பிரேமா தப்பே பண்ண மாட்டான்னு முழுசா நம்பின ஒரே ஆளு நீங்களாக்கும்."

கிருஷ்ணகுமார் நாற்காலியில் சரிந்தார். கசங்காத சட்டை முதல் தடவையாகக் கசங்கியது.

பிறகு துண்டு துண்டாக வந்தது. பாகீரதி இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாராம். திங்கட்கிழமைக்குள் அவராகவே மருந்தைத் திரும்பப் பெற வேண்டும், இல்லாவிட்டால் தானே சொல்லிவிடுவேன் என்றாராம். நோயாளிகளின் மூளை செல்கள் இருக்கும் கேன் ஒன்று சரியாக மூடவில்லை, போய்ப் பாருங்கள் என்று கிருஷ்ணகுமார் பொய் சொல்லி அவரை அந்த அறைக்குள் அனுப்பியிருக்கிறார். செல் என்றால் பாகீரதி யோசிக்கவே மாட்டார் என்பது அவருக்குத் தெரியும். அதற்கு முன்பே அலாரத்தை அணைத்து, வால்வைத் திறந்து வைத்துவிட்டு, பாகீரதி உள்ளே போனதும் கதவை வெளியிலிருந்து பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

ஸ்மிதா விலங்கை எடுத்தாள்.

"சார்..." பிரேமாவின் குரல். எல்லோரும் திரும்பினார்கள். அவள் கிருஷ்ணகுமாரை மட்டும் பார்த்தாள். "வால்வு... நான் மூடியிருந்தேனா?"

அவர் வாசல் வரை நடந்தார். நின்றார். திரும்பாமலே சொன்னார்.

"மூடித்தான் இருந்தது. ரொம்ப இறுக்கி. திறக்கறதுக்குள்ளே கையெல்லாம் மரத்துப் போச்சு."

பிரேமா சுவரோடு சாய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் அழவே இல்லை. இப்போது அழுதாள்.

கீழே ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. லிங்கம் போகவில்லை. செல் அறைக்குள் எட்டிப் பார்த்தார். பழைய போன் சார்ஜரில் கிடந்தது.

"அதை அணைச்சுரட்டா?"

"வேண்டாம் சார். இருக்கட்டும்."

"நாளைக்கும் அஞ்சு மணிக்குப் பேசுமே."

"பேசட்டும் சார். தட்டைப் பாக்க ஆள் வேணும்ல."

லிங்கம் செருப்பு அலமாரி முன் தன் ஷூவைத் தேடி எடுத்தார். மேல் தட்டில் பழுப்பு நிறச் செருப்பு அப்படியே இருந்தது. யாரும் அதை நகர்த்தவில்லை. அவர் அதைப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"பிள்ளே, அடுத்த தடவை ஏதாவது மறக்கணும்னு தோணிச்சுன்னா திங்கள்லேந்து சனிக்குள்ள மறந்துக்கோ. ஞாயித்துக்கிழமை எனக்கு லீவாக்கும்."

*

16.11.2024, சனி

இன்றைய தவறு: எதுவும் நினைவில்லை. எதையோ மறந்திருப்பேன்.

நாளைய வேலை: கண்ட்ரோல் தட்டைப் புதிதாகப் போட வேண்டும். முதலில் நோகோ பூச வேண்டும். பச்சை விளக்கில் சிவக்கிறதா என்று பார்த்த பிறகே செல்களை விட வேண்டும். நாளை ஞாயிறு. இன்ஸ்பெக்டருக்கு லீவு. ஆகையால் மறக்கக் கூடாது.